பெண் முயலின் கருப்பை: அறுவைக்கு ஏற்ற வயது

வீட்டில் வளரும் பெண் முயல்களுக்கு வரும் கட்டிகளில் அதிகம் காணப்படுவது, கருப்பையின் உட்சுவரில் தோன்றும் அடினோகார்சினோமா என்ற புற்று. முயல் மருத்துவம் தெரிந்தவர்கள் யாரும் இதை மறுப்பதில்லை. ஆனால் வளர்ப்பவர்களிடம் வந்து சேரும்போது இந்தச் செய்தி ஒரே ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகிறது: கருத்தடை செய்யாத பெண் முயல்களில் 80 சதவீதத்துக்குப் புற்றுநோய் வரும். இதைக் கேட்டுச் சிலர் பதறிப்போய் மறுநாளே அறுவைக்கு ஓடுகிறார்கள். சிலர் மிகைப்படுத்தல் என்று ஒதுக்கிவிட்டு முயலை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணைக் காட்டிலும் வயதுக் கணக்குதான் இங்கே முக்கியம் என்பது என் முடிவு. புற்று தொடங்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவாக உள்ள வயதில்தான் மயக்க மருந்தையும் அறுவையையும் முயலின் உடல் நன்றாகத் தாங்குகிறது. அந்த வயது, முதல் ஆறு மாதங்களுக்குப் பிறகு தொடங்கி இரண்டு வயதுக்குள் முடிந்துவிடுகிறது. 80 என்ற எண் சரியோ தவறோ, இந்தக் கணக்கு மாறுவதில்லை. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் முயலின் உடலைப் புரிந்துகொள்ள வேண்டும். பசுவுக்கும் நாய்க்கும் சினைப் பருவம் ஒரு சுழற்சியாக வந்து போகும். முட்டை தானாகவே வெளிப்படும். முயலுக்கு அப்படியில்லை. இணை சேர்ந்தால்தான் அதன் சினைப்பை முட்டையை விடுவிக்கும். சேர்ந்து ஏறத்தாழ பத்து மணி நேரம் கழித்து அது நிகழும். ஆங்கிலேய உயிரியலாளர் வால்டர் ஹீப் 1905-இல் இதை ஆராய்ந்து எழுதினார். அமெரிக்காவின் மாரிஸ் ஃப்ரீட்மன் 1931-இல் பெண்களின் கர்ப்பத்தைக் கண்டறிய உருவாக்கிய சோதனையும் இந்த இயல்பை நம்பியே நின்றது. தனியாக வைக்கப்பட்ட பெண் முயல் தானாக முட்டையை விடுவிக்காது என்பதால், பெண்ணின் சிறுநீரை அதற்கு ஊசியில் செலுத்தியபின் சினைப்பையில் முட்டை வெளிப்பட்ட தடயம் இருந்தால், அது அந்தச் சிறுநீரில் இருந்த கர்ப்ப ஹார்மோனின் வேலையாகத்தான் இருக்க முடியும். தடயத்தைப் பார்க்க அந்த முயலைப் பெரும்பாலும் கொன்றார்கள். இனப்பெருக்க ஹார்மோன்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் ஒரு பகுதி முயல்களின் உயிரைக் கொடுத்துப் பெற்றது. அந்த அறிவு முயலுக்கே பயன்பட வேண்டும் என்பதும் இந்த அத்தியாயத்தை எழுத ஒரு காரணம்.

இணை சேராத பெண் முயலின் சினைப்பை சும்மா இருப்பதில்லை. முட்டையைத் தாங்கும் நுண்பைகள் அலை அலையாக வளர்கின்றன, சில நாட்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றன, பிறகு வாடுகின்றன. ஓர் அலை வாடும் முன்பே அடுத்தது எழுந்துவிடுகிறது. இதனால் கருப்பையின் உட்சுவர் பெரும்பாலான நாட்கள் ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலிலேயே இருக்கிறது. 'வளர்' என்று கட்டளையிடும் ஹார்மோன் அது. அந்தக் கட்டளையை நிறுத்தி, உட்சுவரை முதிர்ந்து அடங்கச் செய்வது புரோஜெஸ்டிரோன். முட்டை வெளிப்பட்டால்தான் புரோஜெஸ்டிரோன் போதுமான அளவு சுரக்கும். காட்டு முயலுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. வளர்ப்பு முயல்களின் மூதாதையான ஐரோப்பியக் காட்டு முயல், இனப்பெருக்கக் காலத்தில் குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினையாகிவிடக்கூடியது. ஒரு சினைக்கும் அடுத்த சினைக்கும் இடையில் ஈஸ்ட்ரோஜன் தனித்து ஆளும் நாட்கள் மிகச் சில. அதோடு, பெரும்பாலான காட்டு முயல்கள் முதுமையைக் காண்பதே இல்லை. ஆண் துணையின்றி ஆறு, எட்டு ஆண்டுகள் வாழும் வீட்டு முயலின் கருப்பைக்கு, இயற்கையில் எந்த முயலும் சந்திக்காத நீண்ட தூண்டுதல் கிடைக்கிறது. வேறு பெண் முயல் மேலே ஏறினாலும் சில நேரம் முட்டை வெளிப்பட்டுப் பொய்ச்சினை உண்டாகும். அப்போது அது வயிற்று முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும். ஆனால் அந்தப் புரோஜெஸ்டிரோன் காலம் பதினாறு, பதினெட்டு நாட்களில் முடிந்துவிடும்.

புரோஜெஸ்டிரோன் துணையில்லாத ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்குக் கேடு என்பதற்கு மனிதர்களிடமிருந்து வலுவான சான்று உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை மட்டும் கொடுத்துவந்த காலத்தில், கருப்பை உட்சுவர்ப் புற்று அவர்களிடம் பல மடங்கு கூடியிருப்பதை 1975-இல் வெளியான அமெரிக்க ஆய்வுகள் காட்டின. கூடவே புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்த்துக் கொடுத்தபோது அந்த அபாயம் தணிந்தது. முயலின் கருப்பையிலும் உட்சுவர் தடித்துப் பெருகுவது, நீர்ப்பைகள் தோன்றுவது, புற்று ஆகியவை அடுத்தடுத்த வயதுகளில், பல நேரம் ஒரே கருப்பையிலேயே, காணப்படுகின்றன.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அப்படியானால் ஒருமுறை குட்டி போட விட்டால் போதாதா, சினைக் காலத்துப் புரோஜெஸ்டிரோன் காப்பாற்றாதா? பலரும் நம்பிச் சொல்லும் யோசனை இது. ஆனால் முயல் கூட்டங்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வுகள் இதற்கு ஆதரவாக இல்லை. குட்டி போட்ட முயலுக்கும் போடாத முயலுக்கும் இந்தப் புற்று வருகிறது. அபாயத்தை மிகத் தெளிவாகத் தீர்மானிப்பது வயதுதான். ஒரு மாதச் சினையால், அதன்பின் வரும் ஐந்து ஆண்டுத் தூண்டுதலை ஈடுகட்ட முடியாது. பிறக்கும் குட்டிகளுக்கு வீடு தேடுவது வேறு. ஹார்மோன் விளக்கம் முழுமையானது என்றும் நான் சொல்லமாட்டேன். இந்தக் கட்டிகளைத் திசு ஆய்வு செய்தபோது, ஒரு வகையில் ஈஸ்ட்ரோஜனுக்கும் புரோஜெஸ்டிரோனுக்கும் உரிய ஏற்பிகள் இருந்தன. மற்றொரு வகையில் இல்லை. பரம்பரைக்கும் பங்கு உண்டு. டச்சு, ஹவானா, டான் போன்ற சில இனங்களில் இது அதிகம் என்று நெடுங்காலமாகப் பதிவாகியிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஒன்றே காரணம் என்று நிறுவ முடியாததால் அறுவையின் நியாயம் குறைந்துவிடாது. தூண்டுவது ஹார்மோனாக இருக்கட்டும், பரம்பரையாக இருக்கட்டும், வயதாக இருக்கட்டும், புற்று முளைப்பது கருப்பையில்தான். உரிய நேரத்தில் அதை அகற்றிவிட்டால் அங்கே புற்று வர வழியில்லை.

இனி அந்த 80-க்கு வருவோம். இந்த நோயை முதலில் விரிவாக எழுதியவர் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் இருந்த ஹாரி கிரீன். 1930-களின் இறுதியிலும் 1940-களின் தொடக்கத்திலும் வந்த அவருடைய கட்டுரைகளில், அவர் வளர்த்த பெண் முயல்களில் ஏறத்தாழ ஆறில் ஒன்றுக்குக் கருப்பைக் கட்டி இருந்ததாகப் பதிவு உண்டு. 80 சதவீதம் என்பது பிலடெல்பியாவின் ஃபிப்ஸ் நிலைய முயல் கூட்டத்திலிருந்து வந்தது; 1964-இல் வெளியானது. இரண்டு, மூன்று வயதில் 4 சதவீதம் அளவில் இருந்த நோய், ஐந்து, ஆறு வயதில் 80 சதவீதத்தைத் தொட்டதாக அது சொன்னது. ஆனால் அந்த முயல்கள் காசநோய் ஆராய்ச்சிக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. நம் வீட்டுக் கலப்பின முயலுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்துவது சரியல்ல. அண்மை ஆண்டுகளில் பிரிட்டனில் சில கால்நடை மருத்துவர்களே இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பின்னாளில் ஜப்பானிலிருந்தும் ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்தும் வந்த மருத்துவமனைத் தொகுப்புகளையும் இதே கவனத்தோடுதான் படிக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலும் இருப்பவை நோயென்று கொண்டுவரப்பட்ட முயல்கள். நலமாக வீட்டில் இருப்பவை கணக்கில் வருவதில்லை. எனவே 80-ஐ விட்டுவிடுவோம். ஃபிப்ஸ் ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறொன்று: மூன்று வயதுக்கு முன் சிறிதாக இருக்கும் அபாயம் அதன்பின் வேகமாக ஏறுகிறது. அந்த ஏற்றத்தை மற்ற ஆய்வுகளும் காட்டுகின்றன.

இறைச்சிக்காக முயல் வளர்ப்பவர்களிடம் கேட்டால், இப்படி ஒரு நோயைப் பார்த்ததே இல்லை என்பார்கள். அவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் பரப்பிய வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை வைத்துப் பண்ணை நடத்துபவர்கள், ஈனும் திறன் குறைந்த பெண் முயல்களை இரண்டு, மூன்று வயதுக்குள் கழித்துவிடுவார்கள். புற்று தலைகாட்டும் வயதுவரை முயல் அங்கே இருப்பதில்லை. அதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கால்நடை மருத்துவர்களிடம் வந்த முயல்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், முயல்கள் இறந்த வயதின் இடைநிலை 4.3 ஆண்டுதான். முதன்மையாகப் பதிவான காரணம், புண்ணிலும் அழுக்கிலும் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பது. முயல் பெரும்பாலும் வேறு காரணத்தால் முன்பே இறந்துவிடும் என்றால் கருப்பையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். அந்த இறப்புகளில் பெரும்பகுதி நல்ல தீவனத்தாலும் சுத்தத்தாலும் தடுக்கக்கூடியவை. இந்த நூலின் மற்ற அத்தியாயங்களைப் பின்பற்றுபவரின் முயல் எட்டு, ஒன்பது வயதுவரை வாழ வாய்ப்பு மிகுதி. நன்றாக வளர்ப்பவரின் முயலுக்குத்தான் கருப்பைப் புற்றின் வயது வந்துசேரும்.

அடுத்த மறுப்பு மயக்க மருந்து பற்றியது. இந்த அச்சம் பொய்யல்ல. அதைத் தட்டிக்கழிக்கும் மருத்துவரிடம் முயலை ஒப்படைக்கக் கூடாது. பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் நடத்தி 2008-இல் வெளியான பெரிய ஆய்வில், மயக்கம் கொடுக்கப்பட்ட நாய்களில் 0.17 சதவீதம் இறந்தன, முயல்களில் 1.39 சதவீதம். வேறுபாடு பெரிது. ஆனால் அதே ஆய்வின் உட்பிரிவைப் பாருங்கள். நலமாக இருந்த முயல்களில் இறப்பு 0.73 சதவீதம், அதாவது ஏறத்தாழ 140-இல் ஒன்று. ஏற்கெனவே நோயுற்றிருந்த முயல்களில் 7.37 சதவீதம், அதாவது பதினான்கில் ஒன்று. என் வாதம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு இடையே இருக்கிறது. இளம் வயதில் நலமான முயலுக்கு அறுவை செய்தால் முதல் எண்ணோடு போகிறோம். காத்திருந்து, ரத்தம் கசிந்து, சோகை பிடித்தபின் செய்தால் இரண்டாம் எண்ணோடு போகிறோம். 80-ஐ நான்கில் ஒன்றாகக் குறைத்து, முதுமை அடையும் பெண் முயல்களில் ஐந்தில் ஒன்றுக்கே புற்று வரும் என்று வைத்துக்கொண்டாலும், 140-இல் ஒன்று என்ற ஆபத்தோடு ஒப்பிட எது சரியான முடிவு என்பது தெளிவு. அந்த ஆய்வில் இறந்த முயல்களில் பாதிக்கும் மேற்பட்டவை அறுவை முடிந்த பிறகே இறந்தன என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்கவனிப்பைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

அறுவை வேண்டாம், கவனமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், அறிகுறி தெரிந்ததும் மருத்துவரிடம் போகிறோம் என்பவர்களும் உண்டு. அன்பான எண்ணம்தான். ஆனால் முயல் தன் நோயை மறைக்கும் விலங்கு. இந்தக் கட்டி மெதுவாக, பல மாதங்கள் சத்தமில்லாமல் வளரும். குட்டி போடும் முயலாக இருந்தால் குட்டிகளின் எண்ணிக்கை குறைவது, செத்துப் பிறப்பது போன்ற முன்னறிகுறிகள் தெரியலாம். குட்டி போடாத முயலில் அவையும் இல்லை. பெரும்பாலும் கண்ணில் படும் முதல் அறிகுறி ரத்தம். முயலுக்கு மாதவிடாய் கிடையாது. எனவே ரத்தம் எப்போதும் நோயின் அடையாளம். ஆனால் சிவப்பெல்லாம் ரத்தமல்ல. சில தாவரங்களைத் தின்றபின் நிறமிகளால் சிறுநீர் முழுவதும் ஒரே சீராகச் சிவந்தோ ஆரஞ்சு நிறத்திலோ போவது முயலுக்கு இயல்பு. சிறுநீர் தெளிவாக இருந்து கடைசியில் சொட்டும் ரத்தம், கட்டி கட்டியாகத் தரையில் கிடக்கும் ரத்தம் ஆகியவை கருப்பையைச் சுட்டும். சந்தேகம் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனைத் துண்டால் மருத்துவர் உடனே சொல்லிவிடுவார். எல்லா ரத்தமும் புற்றும் அல்ல; கருப்பைச் சிரைகள் வீங்கி வெடித்தும் கொட்டலாம். அதில் ஒரே நாளில் உயிர் போகும் அளவுக்கு ரத்தம் இழக்கக்கூடும். மடியில் கட்டியோ நீர் கோத்த வீக்கமோ தெரிந்தாலும் கருப்பையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக வருவது உண்டு. புற்று ரத்தம் வழியாக நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவக்கூடியது. மூச்சு வாங்கும் நிலையில் கொண்டுவரப்படும் முயலுக்கு அறுவையால் பயனில்லை.

கத்தி வைக்காமல் ஹார்மோனையே அடக்க முடியாதா என்றால், டெஸ்லோரெலின் என்ற மருந்துக் குச்சியைத் தோலுக்கடியில் வைத்துச் சினைப்பையின் வேலையைச் சில மாதங்கள் நிறுத்திவைக்கும் முறை இருக்கிறது. மயக்கத்தைத் தாங்க முடியாத முயலுக்கு அது ஒரு வழி. ஆனால் மருந்து தீர்ந்ததும் தூண்டுதல் திரும்பும். கருப்பை அங்கேயேதான் இருக்கும். சினைப்பையை மட்டும் எடுக்கும் சிறிய அறுவையைச் சில மருத்துவர்கள் இளம் முயலுக்குச் செய்கிறார்கள். வயது கூடிய முயலில், உட்சுவர் ஏற்கெனவே மாறத் தொடங்கியிருக்கக்கூடும் என்பதால், சினைப்பையையும் கருப்பையின் இரண்டு கொம்புகளையும் முழுவதுமாக எடுப்பதே நல்லது.

வயதைத் தேர்வு செய்யும்போது, ஐந்தாறு மாதம் முடியும்வரை பொறுங்கள். சிறிய இனங்கள் நான்கு, ஐந்து மாதத்திலும் பெரிய இனங்கள் அதற்குச் சற்றுப் பின்னும் பருவமடையும். அதற்கு முன் கருப்பை மிக மெலிதாக இருப்பதால் கண்டுபிடிப்பதே சிரமம். ஒரு வயதைத் தாண்டிய முயலில், குறிப்பாகத் தடித்த முயலில், கருப்பையைத் தாங்கும் சவ்வில் கொழுப்பு படிந்து ரத்தக் குழாய்களை மறைத்துவிடும், அறுவை நீளும். எனவே ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடைப்பட்ட காலம் மிகச் சிறந்தது. இரண்டு வயதுவரை தாராளமாகச் செய்யலாம்.

மருத்துவரைத் தேர்வதில் கூச்சம் வேண்டாம். முயலுக்கு எத்தனை முறை இந்த அறுவை செய்திருக்கிறீர்கள் என்று நேரே கேளுங்கள். முந்தின இரவே பட்டினி போடச் சொன்னால் வேறு மருத்துவரைத் தேடுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி அதன் குடலை நிறுத்திவிடும். மயக்கத்தின்போது ஆக்சிஜன், உடல் சூடு குறையாமல் காக்கும் ஏற்பாடு, அறுவைக்குப் பின் சில நாட்களுக்கு வலி மருந்து ஆகிய மூன்றும் உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வலியில் இருக்கும் முயல் தின்னாது. தின்னாத முயலின் குடல் நிற்கும், நின்றால் உயிருக்கே ஆபத்து. போகும்போது வழக்கமாகத் தின்னும் உலர்புல்லையும் பிடித்த கீரையையும் எடுத்துச் செல்லுங்கள். சேர்ந்து வாழும் துணை முயல் இருந்தால் அதையும் கூட்டிப் போவது நல்லது. விழித்த சில மணி நேரத்தில் கொறிக்கத் தொடங்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்தில் தின்னவும் இல்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாய்க்குப் போடுவதுபோல் கழுத்துப் பட்டை போட்டால், முயல் தன் பின்புறத்திலிருந்து நேராக எடுத்துத் தின்னும் மென்புழுக்கையை எட்ட முடியாமல் போகும். தையலைக் கடித்துக் குதறினால் தவிர அது வேண்டாம். அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாக முயலுக்குக் கொடுக்கக் கூடாது. குடல் நுண்ணுயிர்களைக் குலைத்துக் கொன்றுவிடும். நாய்களுக்கு உண்ணி மருந்தாகும் ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. நம் வெயிலில் ஈத் தொல்லை அதிகம் என்பதால் தையல் ஆறும்வரை முயலை வீட்டுக்குள்ளேயே, சுத்தமான விரிப்பில் வையுங்கள். கருத்தடைக்குப் பின் உடல் தடிக்கும் இயல்பு உண்டு. குருணைத் தீவனத்தைக் குறைத்து, உலர்புல்லையும் அருகம்புல்லையும் கூட்டினால் அது கட்டுக்குள் இருக்கும்.

ஏற்கெனவே நான்கு, ஐந்து வயதாகிவிட்ட, கருத்தடை செய்யாத முயலை வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. முதலில் வயிற்றை ஸ்கேன் செய்து கருப்பையின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்து நுரையீரலில் பரவல் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். ரத்த அளவையும் சிறுநீரகத்தின் நிலையையும் சோதியுங்கள். இவை சரியாக இருந்தால் வயதை மட்டும் காட்டி அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம். கட்டி கருப்பைக்குள்ளேயே இருக்கும்போது எடுத்துவிட்டால் பல முயல்கள் முழு ஆயுளும் வாழ்கின்றன. எடுத்த கருப்பையை வீசிவிடாமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். புற்று என்று முடிவு வந்தால், அடுத்த ஓரிரு ஆண்டுகள், மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அறுவைக்கு முன்பே நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்த சிறு துகள்கள் படத்தில் தெரிய அவ்வளவு காலம் பிடிக்கலாம்.